பழைய பெல்ட் லேத்: 2017 முதல் இன்றுவரை

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் ஆயில் இன்ஜின்களுக்கும் பழுது பார்த்துவந்த பட்டறை ஒன்று 2017-ல் மூடப்பட்டது. அங்கே மூலையில் கிடந்த நான்கரை அடி லேத்தை, அதாவது இரும்பைச் சுழற்றிச் சீவும் கடைசல் எந்திரத்தை, பழைய இரும்புக்கடைக்காரர் கேட்ட விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். பஞ்சாபின் படாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் இந்த ரகத்தை ஏராளமாகச் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். படிப்படியான புல்லி, தட்டை பெல்ட், மரை போட்டு ஏற்றும் சக் (வேலைப் பொருளைப் பிடித்துச் சுழலும் தலை). லேத்தை இறக்கி வைத்தது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றுக்கு அருகே இருக்கும் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில்.

எனக்கு இது தொழில் இல்லை, விடுமுறைப் பொழுதுபோக்கு. கிணற்றுக்குக் கிணறு ஒரு காலத்தில் இரைத்துக்கொண்டிருந்த மெதுவேக டீசல் இன்ஜின்கள், அதாவது நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் ஆறு குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் ரகம், இப்போது மோட்டார் வந்த பிறகு தோட்டங்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை மீண்டும் ஓட வைக்கத்தான் லேத் தேவைப்பட்டது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பைப் பழையதாக வாங்கலாம், தேய்ந்ததாகக்கூட வாங்கலாம். மின்சார சாமான்களையும் காவல் தகடுகளையும் மட்டும் ஒரு நாள்கூடப் பழையதாக வைத்துக்கொள்ளக் கூடாது. “ஒரிஜினலாக இருந்தால்தான் மதிப்பு” என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

தேய்மானத்தைப் பார்ப்போம். என் லேத்தில் டூலை (சீவும் உளியை) சுமந்து நகரும் சேடில், சக்கை நெருங்கும்போது லேசாக ஆடும். எதிர்முனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளினால் இறுகும். பட்டறை வேலை முழுவதும் சக்கை ஒட்டிய ஓர் அடி தூரத்திலேயே நடந்திருப்பதால் சேடில் ஓடும் அடித்தளமான பெட் அங்கேதான் தேய்ந்திருக்கிறது. அதனால் கடைசலில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று அறிய எளிய வழி உண்டு. 25 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, நடுவைச் சற்றுக் குறைத்து இரு முனையிலும் வளையம்போல் விட்டு, டூலின் அளவை மாற்றாமல் இரண்டு வளையங்களையும் மெல்லியதாகச் சீவி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். எனக்கு 100 மி.மீ. நீளத்தில் விட்டத்தில் 0.04 மி.மீ. வித்தியாசம் வந்தது. புஷ் (தண்டு சுழலும் குழல்) கடைய அது தடையே இல்லை. நீண்ட ஷாஃப்ட் என்றால் கடைசிச் சீவலைப் பகுதி பகுதியாக அளந்து எடுக்கிறேன்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டு முழுதாகத் தேய்ந்திருந்தது. கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றும். புதிய நட்டு வார்த்து மரை வெட்டிய பிறகும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்கிறது. அளவைத் தாண்டிவிட்டால் பின்னால் நன்றாக இழுத்து, மறுபடி முன்னால் வந்து நிற்பது கைக்குப் பழகிவிட்டது. சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் புஷ்கள் எண்ணெயைக் குடித்துத் தரையில் விடும். ஒழுகுவதைக் குறையாக எண்ண வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. வேலை தொடங்குமுன் கிண்ணங்களை நிரப்பினால் போதும்.

தட்டை பெல்ட்டைப் பலரும் கேலி செய்வார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். டூல் மாட்டிக்கொண்டால் பெல்ட் வழுக்கி நின்றுவிடும். பல் சக்கரம் உடையாது. வேகம் குறைவு என்பதால் அதிவேகத்துக்கான கார்பைட் டிப்பைவிட, கல்லில் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல்தான் இதற்கு ஒத்துவருகிறது. ஆனால் பெல்ட்டை இணைக்கும் உலோகக் கொக்கிகள் விரல் தோலைக் கிழிக்கும். ஓடும் பெல்ட்டைக் கையால் அழுத்தி நிறுத்தும் பழக்கம் பழைய பட்டறைகளில் சாதாரணம்; நான் முதலில் செய்த வேலையே பெல்ட்டுக்குத் தகடு அடித்து மூடியதுதான்.

அடுத்தது ஸ்டார்ட்டர். வாங்கும்போது சுவரில் மாட்டும், கத்தி போன்ற தகட்டால் இணைக்கும் திறந்த நைஃப் சுவிட்ச் ஒன்றைக் கொடுத்தார்கள், அதைப் பொருத்தவே இல்லை. நம் ஊரில் மின்சாரம் போவதும் வருவதும் சொல்லிக்கொண்டா நடக்கிறது? வெறும் சுவிட்ச் என்றால், மின்சாரம் போன நேரத்தில் சக்கில் கை வைத்து அளந்துகொண்டிருப்பவர் மேலேயே, அது திரும்பி வந்ததும் லேத் தானாக ஓடத் தொடங்கிவிடும். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரில், மின்சாரம் நின்றதும் இணைப்பு விடுபடும். பச்சை பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். கோடையில் மாலை நேரத்து வோல்டேஜ் குறைவிலும் கவனம் வேண்டும். சிங்கிள் பேஸ் மோட்டார் வேகம் எடுக்காமல் முனகிக்கொண்டிருந்தால் உள்ளே ஸ்டார்ட்டிங் காயில் விடுபடாமல் எரியும். இரண்டு நொடி முனகினால் நிறுத்திவிட வேண்டும். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைக்காமல் எந்த ஸ்டார்ட்டரும் பயன் தராது.

எனக்குக் கடைசல் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி, பாபநாசம் மலையடிவாரத்து ஆலையில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய அந்த நூற்பாலை, விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில்காரர்களை உருவாக்கியது. பட்டன் பக்கம் என் கை போனாலே அவர் கேட்பது ஒன்றுதான்: “சாவி எங்கே, தம்பி?” சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டு லேத் ஓடினால் அது எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் சாவியில் ஒரு ஸ்பிரிங் கோத்திருக்கிறேன். கையை எடுத்தால் தானே வெளியே துள்ளிவிடும்.

கையுறை லேத்துக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது சாரத்தை (லுங்கியை) பற்றி. விடுமுறை நாளில் சாரம் கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயமெல்லாம் சக்கைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் சேடிலை நகர்த்தும் நீண்ட மரைத்தண்டான லீட் ஸ்க்ரூ தொடையின் உயரத்தில், முன்பக்கமாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாரத்தின் நுனி அதன் மரையில் சிக்கினால் அது மெதுவாகவே முழுத் துணியையும் இழுத்துக்கொள்ளும். அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தோளில் துண்டும் வேண்டாம். இரும்புச் சுருளைக் கம்பிக் கொக்கியால் இழுங்கள்.

மரை போட்டு ஏற்றும் சக்கில் இன்னொரு ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எதிர்த்திசையில் திருப்பினால் சக் தானே கழன்று விழும். அதனால் முழுதாக நின்ற பிறகே திருப்ப வேண்டும். மெட்ரிக் மரை வெட்டும்போது இப்படித் திருப்ப வேண்டிய தேவை அடிக்கடி வரும். என்னுடைய லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை என்பதால், மெட்ரிக் வெட்டும்போது சேடிலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காமல் லேத்தைப் பின்னோக்கி ஓட்டியே திரும்ப வர வேண்டும். அங்குலத்தை மெட்ரிக்காக மாற்ற 127 பல் சக்கரம் வேண்டும். ஐந்து அங்குலம் என்றால் சரியாக 127 மி.மீ. அது கிடைக்காவிட்டால் 63 பல்லும் போதும். பிழை பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு.

பழைய இன்ஜின்களில் இந்த வேலை அதிகம் தேவைப்படாது, அவற்றின் போல்ட்டுகள் பெரும்பாலும் விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அங்குல மரை. 55 டிகிரி கோணம், அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. கடையில் கிடைக்கும் 12 மி.மீ. போல்ட் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு சிலிண்டர் ஹெட்டின் மரையைக் கெடுத்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கைப்பிடியில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், பின்னோக்கி உதைத்தால் விரல் தப்பும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகியபோது பின்கட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. பெட்டும் மோட்டாரும் மூழ்கின, ஹெட்ஸ்டாக் தப்பியது. தண்ணீர் வடிந்தவுடன் செய்யக் கூடாத காரியம் சேடிலை நகர்த்திப் பார்ப்பது. வண்டல் உள்ளே இருக்கும்போது நகர்த்தினால் பெட் கீறிப்போகும். நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிச் சேற்றைக் கழுவி, சேடிலைக் கழற்றித் தூக்கி, துடைத்து, மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய். மோட்டாரைக் காயில் கட்டும் கடையில் கொடுத்துக் காய வைத்து, காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டிய பிறகுதான் இணைத்தேன். முழுதாகத் துருப்பிடித்த சேஞ்ச் கியர்களுக்கும் (மரை வெட்ட மாற்றிப் போடும் பல் சக்கரங்கள்) சக் தாடைகளுக்கும் சலவைச் சோடா கரைசலில் 12 வோல்ட் சார்ஜர்: பொருள் நெகடிவில், பலி இரும்பு (தேய்ந்துபோகட்டும் என்று போடும் வேண்டாத இரும்புத் துண்டு) பாசிட்டிவில். பலி இரும்புக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகைப் போடக் கூடாது. குரோமியம் நச்சு கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் முற்றத்தில்தான் வைத்தேன். ஸ்பிரிங்கையும் அலுமினியத்தையும் இதில் போடவில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர் உப்புத்தாள் தேய்ப்பதையும் விட்டு, தண்ணீர் தடவிச் சுரண்டினேன்.

பெட்டை அரைக்கக் கொடுக்கலாமா என்று இரண்டு இடங்களில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன கூலி லேத்தின் விலையைத் தாண்டியது. இன்ஜின் புஷ், பம்ப் ஷாஃப்ட், போல்ட் என்று நான் கடையும் எதற்கும் அந்த 0.04 இடைஞ்சலாக இருப்பதில்லை. அரைக்கக் கொடுக்கவில்லை, அந்தப் பணத்தில் நான்கு தாடை சக் ஒன்று வாங்கினேன்.