‘எஃப்-1 விசாவுக்கு ஏற்ற பாலிசி’ என்று சொன்னால் உஷாராகுங்கள்

ஆகஸ்ட் நெருங்கினால் போதும், ‘எஃப்-1 விசா விதிப்படி உள்ள ஹெல்த் இன்ஷூரன்ஸ்’ என்று மலிவு பாலிசிகளை, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்கா போகும் புது மாணவர்கள் தலையில் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். எஃப்-1 மாணவருக்கென்று அமெரிக்க மத்திய அரசு இன்ஷூரன்ஸ் விதி எதுவும் வைக்கவில்லை. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவுக்குத்தான் உண்டு: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு வேண்டும், டிடக்டிபிள் (கம்பெனி கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. எஃப்-1 மாணவரைக் கேள்வி கேட்பது பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான்.

பல பல்கலைக்கழகங்கள் தங்கள் திட்டத்தில் மாணவரைத் தாமே சேர்த்து, பிரீமியத்தை ஃபீஸ் பில்லில் ஏற்றிவிடும். வேண்டாமென்றால் ‘என்னிடம் வேறு பாலிசி இருக்கிறது’ என்று கெடுவுக்குள் வெய்வர் (விலக்கு) கேட்க வேண்டும். மலிவு பாலிசி மாட்டுவது இங்கேதான். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது, மனநல சிகிச்சை பெயரளவுக்கு, கிளெய்ம் அலுவலகம் அமெரிக்காவில் இல்லை என்று வெய்வரை நிராகரிப்பார்கள். இரண்டு பிரீமியமும் உங்கள் கையிலிருந்து போகும். பாலிசி தொடங்கும் தேதிக்கு முன் எழுத்தில் ரத்து செய்யாவிட்டால் கட்டிய பணம் திரும்ப வருவது கடினம்.

வெய்வர் கிடைத்தாலும் ஆபத்து முடியவில்லை. முகப்பில் 1,00,000 டாலர் என்றிருக்கும். உள்ளே பலன் அட்டவணையைப் பாருங்கள். ‘எமர்ஜென்சி ரூம்: ஒரு முறைக்கு 300 டாலர் வரை’ என்பதுபோல ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனி உச்சவரம்பு இருந்தால் அதை வாங்காதீர்கள். நள்ளிரவில் வயிற்றுவலி என்று போய் சி.டி. ஸ்கேன் எடுத்தால் பில் ஆயிரக்கணக்கில் வரும்; கம்பெனி அந்த 300-ஐக் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும், அந்த ஒரு லட்சம் உங்களுக்கு எட்டவே எட்டாது. டிடக்டிபிள் போக 80 சதவீதம் என்பதுபோல விகிதத்தில் கொடுக்கும் பாலிசி எவ்வளவோ மேல். எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு) வெளியே போனாலும் கூடுதல் பில் போடக் கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது; ஆனால் மலிவாக விற்கும் குறுகிய காலப் பாலிசிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் பில்லோ, எந்தப் பாலிசி இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் வராது.

பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்தின் வெய்வர் நிபந்தனைகளைக் கம்பெனிக்கு அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘எல்லா யூனிவர்சிட்டியும் ஏத்துக்கும்’ என்று ஏஜென்ட் போனில் சொல்வது செல்லாது.

ஏற்கெனவே பெரிய பில் வந்துவிட்டதா? கிரெடிட் கார்டில் தேய்த்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில் கேளுங்கள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரியானால் நிதி உதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும்; வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். தகுதி விதி ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஸ்டூடன்ட் விசாதானே என்று தயங்காமல் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.