குழந்தை அறைக்குத் தண்ணீர் பெயிண்ட்டா, எண்ணெய் எனாமலா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் தங்கைக்கு இது ஆறாம் மாதம். எந்தப் பெயிண்ட் என்று வீடே இரண்டு கட்சியாகிவிட்டது.

நெடி: அக்ரிலிக்கில், அதாவது தண்ணீர் பெயிண்ட்டில், குறைவு. விஓசி (காற்றில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) குறைந்தது என்று டப்பாவில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. எனாமலில் கரைப்பான் ஆவி நாள்கணக்கில் நிற்கும். கர்ப்பிணிக்கு இதுதான் முதல் கணக்கு.

காய்வது: அக்ரிலிக் ஓரிரு மணி, எனாமல் ஏறக்குறைய ஒரு நாள். டர்பனின் புழுக்கத்தில் இரண்டுமே காய இன்னும் நேரம் இழுக்கும்.

நீடித்து உழைப்பது: எனாமல் கெட்டி, தேய்த்துக் கழுவலாம். ஆனால் வெள்ளை எனாமல் போகப்போக மஞ்சளாகும்.

பிரஷ் கழுவ: ஒன்றுக்குத் தண்ணீர், மற்றதற்கு டர்பன்டைன்.

அப்புறம், பழைய பெயிண்ட்தான் பெரிய ஆபத்து. இங்கே பல வீடுகள் 1960களில் கட்டியவை. பெயிண்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு வந்ததோ 2009இல். ஈயம் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் போகும். உரியும் சுவரை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டை எடுக்கும் வேலை முடிந்து, தூசியை ஈரத்துணியால் துடைக்கும்வரை தங்கை அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.

சுவருக்கும் தொட்டிலுக்கும் அக்ரிலிக்தான். கதவுக்கு எனாமல் வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தால், சரி, கழற்றி வெளியே வைத்து அடிக்கட்டும். நெடி போன பிறகு மாட்டலாம்.