இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆசிட் ஊற்ற யாரையும் விடாதீர்கள்

மதுரையில் என் மாமியார் வீட்டில் இருந்த 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) திறனுள்ள, ட்யூபுலர் வகை இன்வெர்ட்டர் பேட்டரி, வாரண்டி முடிவதற்குள் செத்துவிட்டது. கொன்றவர், 'சர்வீஸ்' என்று வீடு தேடி வந்தவர்.

பேட்டரி வாங்கிய கடையிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை மட்டும் வீட்டில் இருந்தார். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு, "பவர் இறங்கிவிட்டதம்மா, இனி தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, ஆசிட்தான் ஊற்ற வேண்டும்" என்று வெள்ளைக் கேனிலிருந்து ஆறு அறைகளிலும் ஊற்றியிருக்கிறார். 1,800 ரூபாய். பில் கிடையாது. சிந்திய இடத்தில் மொசைக் தரை பொரிந்துபோய்க் கிடக்கிறது.

முதலில் சில வாரங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்த ஏமாற்று வேலை பிடிபடாமல் நடப்பதற்கு அதுதான் காரணம். பிறகு மின்சாரம் போன அரை மணி நேரத்திலேயே விசிறி நின்றது.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் குறைவது தண்ணீர் மட்டுமே. அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. ஆசிட் உள்ளேயேதான் இருக்கும். ஹைட்ரோமீட்டர் குறைவாகக் காட்டினால், அந்த ஆசிட்டின் ஒரு பகுதி சல்பேட்டாகத் தகடுகளில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் அது திரும்ப வரும். நெடுநாள் அப்படியே விட்டால் இறுகிப்போகும். மேலே ஆசிட் ஊற்றினால் அளவு உயர்ந்ததுபோல் தெரியும், ஆனால் தகடுகள் அரிபடத் தொடங்கிவிடும். மீட்டரை ஏமாற்றுகிற வேலை, அவ்வளவுதான்.

வாரண்டிக்காக வந்த நிறுவனத்துத் தொழில்நுட்பர் அளந்து பார்த்தார். ஆறு அறைகளிலும் அடர்த்தி அளவுக்கு மீறி, 1.300-க்கு மேல் காட்டியது. ஆசிட் சேர்த்த பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்று கார்டிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

கடைக்காரர்தான் கெட்டிக்காரர். அப்படி ஓர் ஆளை அனுப்பவே இல்லையாம். அடுத்த மூச்சிலேயே புது பேட்டரிக்கு விலை சொன்னார். பழையதற்குக் கழிப்பதாகச் சொன்ன தொகையைக் கேட்டு அத்தையே சிரித்துவிட்டார். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள், அதில் ஏறக்குறைய பாதி ஈயம். எடைக்கு என்ன விலை போகிறது என்று வெளியில் விசாரிக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

பேட்டரியின் மேல் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால், நீங்களே வாங்கிய சீல் பிரிக்காத டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. ஆறில் ஓர் அறையில் மட்டும் ஹைட்ரோமீட்டர் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால், அந்த அறை பழுதாகியிருக்கலாம். வாரண்டி இருக்கும்போதே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பில் இல்லாததால் எவ்வளவு தூரம் போகுமோ. அந்த ஆள் இப்போது பக்கத்துத் தெருக்களில், பெரியவர்கள் தனியாக இருக்கும் பகல் நேரம் பார்த்து, கதவைத் தட்டுகிறாராம்.