மூன்றாவது பற்றறிக்குப் பிறகு: எங்கள் நிலவறைத் துணைப் பம்பியுடன் ஐந்து ஆண்டுகள்

ரொறன்ரோவுக்கு அருகே பிரம்டனில் வீடு வாங்கியிருக்கும் என் மைத்துனர், சாவி கைக்கு வந்த கிழமையே, "அத்தான், உங்கள் நிலவறையில் இருக்கும் பற்றறிப் பம்பி நல்லதா? நானும் அதையே போடட்டா?" என்று கேட்டார். மூன்றாவது பற்றறிக்குக் காசு கட்டிவிட்டு வந்த அன்றே அவர் கேட்டதால், தொலைபேசியில் நான் சொன்ன பதில் நியாயமானதாக இருக்கவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். எவ்வளவு நேரத்துக்கு ஆறுதல் நிலைக்கும் என்பது வேறு விடயம்.

சம்ப் குழி எப்படி வேலை செய்கிறது என்று இங்கு வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: அத்திவாரத்தைச் சுற்றிச் சேரும் நீர் நிலவறைத் தரையிலுள்ள இந்தக் குழிக்குள் வரும், பம்பி அதை வெளியே இறைக்கும். எங்களுடையது ரொறன்ரோவின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில் அறுபதுகளில் கட்டப்பட்ட வீடு. அத்திவாரத்தைச் சுற்றி ஓடும் வடிகுழாய் முன்னர் கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருந்தது. 2020 இலையுதிர்காலத்தில் அதைத் துண்டித்துக் குழி தோண்டிப் பம்பி வைத்தபோது, ரொறன்ரோ மாநகரசபையின் மானியம், அதாவது செலவில் 80 வீதம், ஆகக் கூடியது 1,750 டொலர், கைகொடுத்தது. அதே குழியில், பிரதான பம்பியின் மிதவைக்கு (நீர் உயரும்போது பம்பியை இயக்குவது அதுதான்) ஒரு சாண் மேலே தன் மிதவை நிற்கும்படி, மின்சாரம் போனாலும் பற்றறியில் இயங்கும் 12 வோல்ற் துணைப் பம்பி ஒன்றையும் 75 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றறியையும் வைக்கச் சொன்னேன். அப்போது நண்பர்கள் சிலர் அதை வீண்செலவு என்றார்கள்.

2013 ஜூலை 8 ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அன்று மின்பரிமாற்ற நிலையங்களுக்குள்ளேயே வெள்ளம் புகுந்து நகரின் பெரும்பகுதி இருண்டது. இந்த ஊரில் மழைதான் மின்சாரத்தையும் கொண்டுபோகிறது. சுவர் மின்சாரத்தை நம்பியிருக்கும் பிரதான பம்பி, ஆண்டு முழுவதும் உழைத்துவிட்டு, மிகவும் தேவைப்படும் அந்த ஒரு நாளில் சும்மா கிடக்கும்.

ஆகவே துணைப் பம்பி தேவையா என்பதில் எனக்கு விவாதமே இல்லை. என் கோபம் முழுவதும் அதன் சத்தத்தின் மேல்தான். சுவரில் மாட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஆறு சிவப்பு விளக்குகளும் ஒரேயொரு குரலும் இருக்கின்றன. பற்றறியில் நீர்மட்டம் குறைந்தாலும், முனையில் வெள்ளைப் பூச்சுப் படிந்தாலும், மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும், பம்பி ஒருமுறை இயங்கி ஓய்ந்தாலும், உண்மையாகவே குழி நிரம்பி வழியப்போனாலும் அதே கூச்சல். எது நடந்தது என்று அறிய, படியிறங்கிப் போய், பாய்லருக்குப் பின்னால் குனிந்து, எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்கவேண்டும். பொத்தானை அழுத்தினால் வாய் மூடும். காரணத்தைத் தீர்க்காவிட்டால் மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் தொடங்கும். அதிகாலை மூன்று மணிக்கு முதன்முறை அழுத்தியவர்களுக்கு அந்த நேரம் எது என்று புரியும்.

இதன் விளைவைக் கேளுங்கள். நிலவறை அறையில் இருக்கும் என் அம்மா, 2023 பனிக்காலத்தில், பொறுமை இழந்து பெட்டியின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். கழற்றிய பிறகும் பற்றறியில் உயிர் இருக்கும்வரை அது கத்தியது, பிறகு அமைதியானது. அந்த அமைதியை நாங்கள் எல்லோரும் திருப்தியோடு அனுபவித்தோம். இளவேனிலில் வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிச் சோதித்தபோதுதான், அடிமட்டம்வரை வற்றி மாதக்கணக்கில் கிடந்த முதல் பற்றறி இனி மின்னேறாது என்று தெரிந்தது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓநாய் வருகிறது என்று தினமும் கத்துகிறவனை ஊர் எத்தனை நாள் நம்பும்?

அடுத்த பிழை என்னுடையது. 2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. பியர்சனில் 97.8 மில்லிமீற்றர் பெய்த நாள். டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் நீருக்குள் சிக்கி நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அன்றும் ஒரு மின்பரிமாற்ற நிலையத்தில் வெள்ளம் புகுந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. மதியத்துக்குச் சற்று முன்னர் மனைவி அழைத்து, "அது கத்துகிறது" என்றார். "பொத்தானை அழுத்து, மாலையில் வந்து பார்க்கிறேன்" என்றேன். மழை பெய்வதை யன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

மாலையில் வந்தபோது நிலவறைத் தரை காய்ந்திருந்தது. ஐந்து மணித்தியாலம் மின்சாரம் இல்லாத வீட்டில், அந்தச் சிறிய பம்பி, பிரதான பம்பியின் பாதி வேகத்தில், நிறுத்தி நிறுத்தி இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் கணுக்காலளவு தண்ணீர்; கம்பளத்தை வெட்டி வெளியே எறிந்தார்கள். இயங்கும்போது ஏறத்தாழ 12 அம்பியர் இழுக்கும் பம்பிக்கு 75 அம்பியர்-மணி என்பது கணக்கில் ஆறு மணித்தியாலம். இடையிடையே ஓய்ந்ததால்தான் பற்றறி தாங்கியது. அன்றிரவு அம்மா தன் கையால் "கழற்றக் கூடாது" என்று எழுதி அந்தச் செருகிக்கு மேல் ஒட்டினார்.

இரண்டாவது பற்றறி இரண்டு ஆண்டுகள்தான் நின்றது. காய்ச்சி வடித்த நீரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்பாவிட்டால் ஈயத் தகடுகள் வெளியே தெரிந்து கெட்டுப்போகும். நான் ஒருமுறை தவறவிட்டேன். பற்றறியே வேண்டாம் என்பவர்களுக்கு நகரக் குழாய்நீரின் அழுத்தத்தால் இயங்கும் பம்பி உண்டு. இரண்டு லீற்றர் வெளியேற்ற ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிநீர் செலவாகும். குடிநீர்க் குழாய்க்குள் அழுக்குநீர் திரும்பாமல் தடுக்கும் வால்வும் வேண்டும். நினைத்து நினைத்துக் கத்தாது என்பதற்காகவே அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மைத்துனருக்கு என் பதில் இதுதான்: துணைப் பம்பி இல்லாமல் ஒரு மழைக்காலத்தையும் கடக்கவேண்டாம், ஆனால் என்னுடையதை வாங்கவேண்டாம். இப்போது விலை குறைத்து விற்கிறார்கள் என்று அவர் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். அதே பெட்டி, அதே ஆறு விளக்கு. ஐந்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். மூன்றாவது பற்றறிக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது. அது முடியும்வரை இதைக் கழற்றும் எண்ணமும் எனக்கு இல்லை.