கோடைத் தரிசுக்குத் தக்கைப்பூண்டா, ஆட்டுக்கிடையா?

காவிரிப் படுகையின் கடைமடையில் சம்பா அறுவடைக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் இடைப்பட்ட கோடையில் மண்ணுக்கு எரு சேர்க்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்து மடக்கி உழுவது; மற்றொன்று, ஆட்டுக்கிடை போடுவது, அதாவது ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைப்பது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு மூன்று கோடைகளாகக் கிடையின் பக்கம் நிற்பவன் நான் என்பதால், இது நடுநிலையான அலசல் அன்று.

தக்கைப்பூண்டின் நன்மைகள் பலரும் அறிந்தவை. ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும்; பூக்கும் பருவத்தில், 45 நாளளவில் மடக்கி உழுதால், நல்ல விளைச்சலில் 8 டன்னுக்குக் குறையாத பசுந்தழை மண்ணுக்குள் போகும். உவர் நிலத்திலும் அது வளரும். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12; கடைமடைக்குத் தண்ணீர் எட்ட மேலும் நாளாகும். ஆழ்துளைக் கிணறு இல்லாத என் வயலில் ஒரு வருடம் முளைத்த பயிர் கருகியது. மறு வருடம் உழவு தள்ளிப்போனதால் தண்டு நாராகி, மட்காமல் சேற்றில் கிடந்து நடவாட்களின் காலைக் குத்தியது.

கிடைக்கு வயலில் ஈரம் தேவையில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தைகளை ஓட்டிவரும் மேய்ப்பர்கள்) அறுவடை முடிந்த வயல்களைத் தேடி இங்கே வருகிறார்கள். பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் அடைப்பதால் புழுக்கையும் மூத்திரமும் நேரே நிலத்தில் விழுகின்றன. எருவை அள்ளவும் இறைக்கவும் ஆள் வேண்டியதில்லை. ஆட்டு எரு அந்த வருடமே பலன் தரும், மாட்டு எரு மறுவருடம்தான் என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் உண்டு: மூத்திரத்திலுள்ள தழைச்சத்தும் சாம்பல் சத்தும் பயிருக்கு விரைவில் கிடைத்துவிடும். கிடை நகர்ந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும்.

ஆயினும் என் தேர்வைத் தீர்மானித்தது எருவின் தரமன்று, அக்கம்பக்கத்தாரின் ஒத்துழைப்பு. என்னுடைய இரண்டரை ஏக்கருக்காக எந்தக் கீதாரியும் நாள் ஒதுக்கமாட்டார். வயல்கள் ஒட்டியிருக்கும் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து பேசிய பிறகுதான் கிடை வந்தது. அந்தப் பேச்சில் முதல் சிக்கல் உளுந்து. சம்பாத் தாளடியில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகத் தெளித்தால், கடைசியாகத் தெளித்தவரின் உளுந்தில் ஆடு இறங்கும், அபராதமும் பகையும் மிஞ்சும். அதனால் தெளிப்பதாயிருந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் தெளித்து, பங்குனிக்குள் அறுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அடுத்தது குளம்: ஆடுகளின் குடிநீருக்காக, மீன் பிடிக்கிறோம் என்று கோடையில் அதை வடிக்கக்கூடாது. மூன்றாவது சிக்கல், யார் வயலில் முதலில் கிடை என்ற முறைவரிசை. கோடை மழை பிடித்துவிட்டால் சேற்றில் ஆடு தங்காது, கிடை கிளம்பிவிடும். கடைசி முறை பெற்றவருக்கு நட்டம். முதல் வருடம் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அதன்பின் கடைசியில் இருந்தவர் மறு வருடம் முதலில் வருமாறு சுழற்றுகிறோம். கூலியை இரவுக் கணக்கில் பொதுவாகத் திரட்டிக் கொடுப்பதால் பேரம் ஒருவர் தலையில் விழுவதில்லை.

கிடையின் குறையையும் சொல்லவேண்டும். சீமைக் கருவேலங்காய் தின்ற ஆட்டின் புழுக்கை வழியே அதன் விதைகள் வயலுக்கு வருகின்றன; வரப்போரத்துக் கன்றுகளை ஆடியில் பிடுங்குவது எங்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பயன் குறித்தும் அளந்தே பேசுகிறேன். நட்ட பின் பயிருக்கு இடும் மேலுரம் குறைந்தது உண்மை. ஆனால் மண்ணின் மட்குவளத்தைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது ஆய்வுக்கூடக் கணக்கு, என் வயல் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மழை தவறிய நாட்களில் பயிர் முன்பைவிடத் தாங்கி நின்றதாகத் தோன்றுகிறது. மூன்று வருடங்களை வைத்து அதைக் கிடையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

தண்ணீர் உள்ள ஊரில் என் தீர்ப்பு மாறலாம். அங்கும் ஒருவர் மட்டும் தக்கைப்பூண்டு விதைத்தால், சுற்றிலும் காய்ந்து கிடக்க, அவிழ்த்துவிட்ட மாடுகள் எல்லாம் அந்த ஒரு பச்சையைத்தான் தேடி வரும். எல்லோரும் சேர்ந்து விதைக்க வேண்டியிருக்கும். எங்கள் பதினொரு பேரில் ஆழ்துளைக் கிணறு உள்ள இருவர் இந்தக் கோடையில் தக்கைப்பூண்டு விதைக்கிறார்கள். அவர்கள் வயல் மேட்டுப்புறம் இருப்பதால், கிடை அந்தப் பக்கம் போகாமல் கீழ்க்கரையிலிருந்து தொடங்குகிறது.