இருபது மூட்டு, ஒரே கம்பி: வேகத்தை எங்கே தேடுவது?

20 டைனமிக்ஸல் எக்ஸ் வரிசை சேர்வோக்களை (மூட்டை அசைக்கும் மோட்டார்களை) ஒரே தொடரில் கோத்து மனித உரு ரோபோ கட்டுகிறீர்கள். கட்டுப்பாட்டுச் சுற்று, அதாவது மூட்டுகளை வாசித்துக் கட்டளை அனுப்பும் ஒரு முழுச் சுழற்சி, மெதுவாக ஓடினால் எல்லோரும் சொல்வது, போட் ரேட்டை (கம்பியில் செக்கனுக்கு எத்தனை பிட் போகிறது என்பதை) கூட்டு என்றுதான். திருகோணமலையில் இருந்து ஒவ்வொரு பாகத்துக்கும் கொழும்பை எதிர்பார்க்கிற நாங்கள் காசு போகாத வழியை முதலில் பார்ப்போம்.

ஒவ்வொரு சுற்றிலும் நிலை, வேகம், மின்னோட்டம் மூன்றையும் சிங்க் ரீட்டில் (ஒரே கட்டளையில் எல்லா சேர்வோவையும் கேட்பது) வாசித்து, இலக்கை சிங்க் ரைட்டில் (ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் அனுப்புவது) எழுதினால் மொத்தம் ஏறத்தாழ 5,700 பிட். பெட்டியிலிருந்து வரும் 57,600 போட்டில் இதற்கே 100 மில்லி செக்கன் போய்விடும். 1 மெகா (பத்து லட்சம்) போட்டில் 6 மில்லி செக்கன்கூட ஆகாது. அதுவரை கூட்டுவதில் பேச்சே இல்லை.

அதற்கு மேல்தான் கேள்வி. 1 மெகாவிலிருந்து 4 மெகாவுக்குப் போனால் மிச்சம் சுமார் 4 மில்லி செக்கன். ஆனால் ஒவ்வொரு சேர்வோவும் பதில் அனுப்புமுன் காத்திருக்கும் ரிட்டர்ன் டிலே, தொழிற்சாலை அமைப்பில் 500 மைக்ரோ செக்கன். இருபதும் வரிசையில் நின்றால் 10 மில்லி செக்கன்! பூச்சியமாக்கச் செலவே இல்லை. கணினியை சேர்வோக் கம்பியோடு இணைக்கும் யுஎஸ்பி மாற்றி இன்னும் மோசம்: அதிலுள்ள எஃப்டிடிஐ சிப் பாதி நிரம்பிய தரவை வழமையாக 16 மில்லி செக்கன் வரை பிடித்து வைக்கும். லினக்ஸில் இந்தக் காத்திருப்பைத் தீர்மானிக்கும் லேட்டன்சி டைமரை 1 மில்லி செக்கன் ஆக்கிவிடுங்கள்.

4 மெகாவில் இன்னொரு தொல்லை. எங்கள் பக்கத்து உப்புவெளிக் கடற்காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பிடிக்கும். வேகம் கூடக்கூடப் பிழையாக வரும் தரவுப் பொதிகளும் கூடும். ஒரு பொதி தவறினால் டைம்அவுட் வரை காத்திருப்பதிலேயே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். என் தெரிவு 2 மெகா.

பஸ்ஸை (சேர்வோக்கள் பகிரும் அந்த ஒரே கம்பியை) இரண்டாகப் பிரித்தால் நேரம் பாதியாகும். சரி, ஆனால் இரண்டாவது மாற்றி வேண்டும், நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். அதற்குமுன் கால்களைச் சுற்றுக்கொரு தடவையும் கை, தலையை நாலு சுற்றுக்கொரு தடவையும் வாசித்துப் பாருங்கள்.

20 மூட்டுள்ள டார்வின்-ஓபி என்ற மனித உரு ரோபோ 8 மில்லி செக்கன் சுற்றில், அதாவது 125 ஹேர்ட்ஸில், நடந்தது. நிலைக் கட்டுப்பாட்டு நடைக்கு அது போதும். மூட்டை இலக்கு நிலையில் பிடித்துவைக்கும் உள் பிஐடி கணக்கை சேர்வோவே பார்த்துக்கொள்ளும். முறுக்குவிசைக் கட்டுப்பாட்டுக்கு 1,000 ஹேர்ட்ஸ் வேண்டும் என்றால் ஈதர்கேட் (ஈதர்நெட் வழி வேகமான கட்டுப்பாட்டு இணைப்பு) பக்கம் போக வேண்டும்; அந்தச் செலவு வேறு.