பாமாலையா கீர்த்தனையா கோரஸா: ஞாயித்துக்கிழமை பாட்டு லிஸ்ட் போடுறவன் கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஐயர்கிட்டருந்து, அதாவது எங்க கோயில் போதகர்கிட்டருந்து, வாட்ஸ்அப் வரும், வேத பாடம் மூணு, அன்னைக்குத் தலைப்பு ஒண்ணு, கீழ "பாட்டு பாத்து போட்டிருங்க தம்பி"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு சண்டை இருக்குன்னு வெளிய யாருக்கும் தெரியாது. முன் பெஞ்ச் பெரியவங்களுக்கு ராகம் தாளத்தோட வர்ற கீர்த்தனை வேணும், ஆல்டோ பாடுற அக்காமாருக்கு வெளிநாட்டு மெட்டுல நாலு குரல் பார்ட் இருக்கிற பாமாலை வேணும், வாலிபர் சங்கத்துக்கு டிரம்ஸ் அடிக்கிற மாதிரி ஒண்ணு வேணும், கீபோர்டு பையனுக்கு அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்சது எதுவானாலும் சரி.

நம்ம கோயில் 1947 செப்டம்பர் 27லருந்து சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, அன்னைக்குத்தான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒண்ணா சேர்ந்தது. ஆனா திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களுக்கு அதுக்கு முந்தின ஆங்கிலிக்கன் வாசம் இன்னும் போகல. அங்கி போட்ட கொயர், முன்னால சிலுவை, பவனியா உள்ள வர்றது, லெந்துங்கிற தவக்கால நாள்ல அல்லேலூயா இல்லாம பாட்டு தேடுறது, எல்லாம் அப்படியே இருக்கு. அதனால பாட்டு எடுக்கிறதும் "எது நல்ல பாட்டு"ங்கிற கேள்வியோட முடியாது, ஆராதனையில அது எந்த எடத்துல வருதுன்னு பாக்கணும்.

பாமாலையும் கீர்த்தனையும் ஒரே அட்டைக்குள்ளதான் இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற ஊர்லருந்து வந்த மாப்பிள்ளை பொண்ணு மாதிரி. பாமாலைக்கு மேல சீர்க்கணக்கு, அதாவது வரிக்கு எத்தனை அசைங்கிற கணக்கு போட்டிருக்கும், 8.8.8.8, 8.7.8.7ன்னு. கீர்த்தனைக்கு மேல ராகம், தாளம். பாமாலைன்னா எல்லாம் இங்கிலீஷ்லருந்து வந்ததுன்னு நம்மாளுங்க நினைச்சிக்கிட்டு இருக்காங்க, அதுவும் பாதிதான் சரி, ஃபாப்ரீஷியஸ் மாதிரி ஜெர்மன் மிஷனரிங்க 18ஆம் நூற்றாண்டுலயே ஜெர்மன் பாட்டுகள தமிழாக்கிட்டாங்க. கீர்த்தனைப் பக்கம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பெரிய தூண், அவரே நம்ம பாளையங்கோட்டையில பிறந்தவர்தான்.

என் கணக்குல ரெண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் மேற்கத்திய மெட்டு, நம்ம மெட்டுங்கிறதுல இல்ல. பாமாலை நடக்கும், கீர்த்தனை சுத்தும். பாமாலையில முதல் சரணத்துல ஆரம்பிச்சு கடைசி சரணத்துல எங்கயோ போய்ச் சேரும், திரும்பிப் பாக்காது. கீர்த்தனை ஒவ்வொரு சரணம் முடிஞ்சதும் பல்லவிக்கு வந்துரும், கோயிலச் சுத்திப் பிரகாரம் வர்ற மாதிரி.

இத ரெண்டு பாட்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா புரியும், ரெண்டும் இயேசு சிலுவையில பட்ட பாடுகளின் பாட்டு. "என் அருள் நாதா இயேசுவே" பாமாலை, ஐசக் வாட்ஸ் 1707ல வெளியிட்டதோட தமிழ். இதுல பாடுறவன் சிலுவையப் பாக்குறான், பெருமையெல்லாம் நஷ்டம்னு எண்ணுறான், ரத்தம் வழியிறதப் பாக்குறான், கடைசியிலதான் இதுக்கு பதிலா நான் என்னதான் குடுக்க முடியும்ங்கிற எடத்துக்கே வர்றான். "ஏன் இந்தப் பாடுதான்" கீர்த்தனைய எடுங்க, அங்க பல்லவியே அந்தக் கேள்விதான், இதுக்கு ஈடா என்ன தருவேன்னு. முதல் நிமிஷத்துல கேட்டு, பாடுகள்ல ஒரு காட்சி சொல்லி, திரும்பக் கேட்டு, இன்னொரு காட்சி சொல்லி, திரும்பக் கேட்டு, பதில் சொல்றதுக்கு நம்மள விடவே விடாது. ஒரே கேள்வி, ஒருத்தர் அதுக்கு நடந்து போறார், இன்னொருத்தர் அதுலயே உக்காந்துக்கிட்டார்.

இதுலருந்து ஒரு நடைமுறை விஷயம் வருது, எத்தனை ஐயர்மார்கிட்ட சொல்லியும் கேக்கல. நேரம் இல்லன்னா கீர்த்தனையில நடுவுல ரெண்டு சரணத்த வெட்டலாம், ஒண்ணும் குறையாது. பாமாலையில "முதல் ரெண்டு சரணம் மட்டும் பாடுவோம்"னு சொன்னா ஆள பாதி ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போற மாதிரி. வாட்ஸ் பாட்ட ரெண்டு சரணத்தோட நிறுத்தினா அந்தக் கேள்வியே வரல, அப்புறம் எதுக்குப் பாடினோம்?

அதனால ஆரம்பப் பாட்டுக்கும் முடிவுப் பாட்டுக்கும் கண்ண மூடிக்கிட்டு பாமாலை. ஆளுங்க நிஜமாவே நடக்குறாங்க, பாட்டும் நடக்கணும். பிரசங்கத்துக்கு முன்னாலயும் நற்கருணை நேரத்துலயும் கீர்த்தனை, ஏன்னா அங்க யாரும் எங்கயும் அவசரமா போகப் போறதில்ல. நற்கருணை வாங்குற பந்திக்கு வரிசை எவ்வளவு நீளம்னு முன்கூட்டித் தெரியாது, கீர்த்தனைன்னா பல்லவிய இன்னொரு வாட்டி சுத்திக்கலாம், பாமாலை முடிஞ்சா முடிஞ்சதுதான், கீபோர்டு பையன் முழிப்பான்.

இதுக்கு ஒரு விதிவிலக்கு குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குள்ள "ஓசன்னா பாலர் பாடும்" மாதிரி கம்பீரம் வேற எதுக்கும் வராது, 9ஆம் நூற்றாண்டுல ஆர்லியன்ஸ் பிஷப் தியோடல்ஃப் லத்தீன்ல எழுதினது, ஜெர்மன் மெட்டு, தமிழ் வார்த்தைன்னு மூணு கடல் தாண்டி வந்தது. ஆனா அதே பாட்டத் தெருவுல பாடிப் பாருங்க. ஓலை பிடிச்சிக்கிட்டு முன்னால போற சண்டே ஸ்கூல் பிள்ளைங்க ஒரு வரி முன்னால இருக்கும், பின்னால வர்ற அம்மாமாரு ஒரு வரி பின்னால இருப்பாங்க, கீபோர்டும் கிடையாது, நாலு தெரு சுத்துறதுக்குள்ள ரெண்டு பாட்டாயிரும். "பவனி செல்கின்றார் ராசா" போட்டா ஒருத்தர் எடுத்துக் குடுப்பார், கூட்டம் வாங்கிப் பாடும், தாளத்துக்குக் கை இருக்கு, தெருவுக்கே செஞ்ச பாட்டு. அதனால நான் தெருவுக்கு கீர்த்தனை, வாசப்படி ஏறினதும் பாமாலைன்னு பிரிச்சிருக்கேன், மூணு வருஷமா யாரும் குறை சொல்லல, எங்க சேகரத்துல அதுவே பெரிய விருது.

தமிழ் வார்த்தை வெளிநாட்டு மெட்டுல உக்காருமாங்கிறது அடுத்த கேள்வி, கீர்த்தனைக் கட்சிக்காரங்க எப்பவும் எடுக்கிற ஆயுதம் இது. நியாயமான ஆயுதந்தான். இங்கிலீஷ்ல அழுத்தம் எங்க விழுதுன்னு பாத்து மெட்டு போடுவான், நமக்கு குறில் நெடில்தான் கணக்கு, ஒரு குறில் மேல நாலு பீட் நின்னா காது கூசும். ஆனா எல்லா மொழிபெயர்ப்பும் அப்படி இல்ல. "தூய தூய தூயா" பாருங்க, சுரத்துல சொன்னா ச ச, க க, ப ப. முதல் நாலு சுரமும் சமமான நீளம், கடைசி ரெண்டு பஞ்சமமும் ரெண்டு மடங்கு நீளம். தமிழாக்கினவர் முதல் ரெண்டு எடத்துல "தூய"ன்னு குறில்ல முடிச்சிட்டு மூணாவது எடத்துல மட்டும் "தூயா"ன்னு நெடிலாக்கியிருக்கார். "என்னோடிரும், மா நேச கர்த்தரே"யும் அப்படித்தான், க க ரி ச-ன்னு எறங்கி திடீர்னு பஞ்சமத்துக்குத் தாவுற எடத்துல சரியா "மா" உக்காருது. அந்த நெடில அங்க வச்ச ஆளு யாரா இருந்தாலும் அவர் காலத் தொட்டுக் கும்பிடலாம்.

(அந்தப் பாட்டு சாயங்கால ஆராதனைக்கு அவ்வளவு பொருத்தம், ஆனா போட முடியாது. அடக்க ஆராதனையில பாடிப் பாடி அது சாவு வீட்டுப் பாட்டாயிருச்சு, ஒருநாள் போட்டேன், வெளிய வரும்போது ஒரு பெரியம்மா "யாருக்குய்யா முடியல?"ன்னு கேட்டாங்க.)

மெட்டு விஷயத்துல இன்னொரு குழி இருக்கு. ஒரே சீர்க்கணக்குன்னா எந்த மெட்டும் பொருந்தும், வசதிதான், அதுவே வினையும். ஒரு பெரிய வெள்ளி, எந்தக் கோயில்னு வேண்டாம், பன்னண்டுலருந்து மூணு மணி வரைக்கும் நடக்கிற ஆராதனை, சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தையில அஞ்சாவது முடிஞ்சு "என் அருள் நாதா". சபைக்குத் தெரிஞ்சது ராக்கிங்ஹாம், எட்வர்ட் மில்லர் 1790ல போட்ட மெட்டு, மூணு பீட், அகலமா ஏறி எறங்கும். புதுசா வந்த கீபோர்டு தம்பி யூடியூப்ல கத்துக்கிட்டு வந்தது ஹாம்பர்க், அமெரிக்காவுல லோவெல் மேசன் 1824ல போட்டது, நாலு பீட், மொத்தமே அஞ்சு சுரத்துக்குள்ள சுத்துற மெட்டு. ரெண்டும் 8.8.8.8. முன்னிசை வாசிக்காம நேரா முதல் கார்டு பிடிச்சிட்டான், சபை மூணுல, அவன் நாலுல, நான் நடுவுல கைய ஆட்டிக்கிட்டு. முதல் சரணம் முடியிறதுக்குள்ள கீபோர்டு நின்னுருச்சு, சபை மட்டும் கருவியே இல்லாம எல்லாச் சரணத்தையும் பாடி முடிச்சது, உண்மையச் சொன்னா அன்னைக்கு நடந்ததுலயே நல்ல பாட்டு அதுதான். தப்பு தம்பி மேல இல்ல, லிஸ்ட்ல நம்பர் மட்டும் எழுதி மெட்டுப் பேர் எழுதாத என் மேல. மெட்டா மட்டும் கேட்டா ஹாம்பர்க் சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும், ராக்கிங்ஹாமுக்கு மூச்சு வேணும், ஆனா சிலுவையப் பாத்துக்கிட்டு நிக்கிற பாட்டுக்கு அந்த ஏத்த எறக்கம் வேணும்ங்கிறது என் கட்சி.

நாலு பார்ட் ஹார்மனி கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாமாலைக்கு அது அழகு. கீர்த்தனைக்குத் தயவுசெஞ்சு போடாதீங்க. ஆனந்தபைரவியில காந்தாரம் அசைஞ்சுதான் நிக்கும், அதுக்குக் கீழ ஒரு கார்டப் பிடிச்சு ஆணி அடிச்சா ராகம் செத்துரும். கீர்த்தனைக்கு ஒரு வயலின், ஒரு தபேலா, எல்லாரும் ஒரே வரியில, போதும்.

அப்புறம் கோரஸ். பெர்க்மான்ஸ் ஃபாதர் பாட்டுலருந்து போன மாசம் ரிலீஸ் ஆனது வரைக்கும் எல்லாத்தையும் சபை இப்ப கோரஸ்னே சொல்லுது. நான் எதிரி இல்ல. கோரஸும் சுத்துற ஜாதிதான், மனப்பாடமா வரும், பந்திக்கு எழுந்து போறவன் கையில புக் தேவையில்ல, அது பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் இல்லாத வசதி. ஆனா கீர்த்தனை சுத்தும்போது ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா ஒரு காட்சி வரும், நிறைய கோரஸ்ல நான், எனக்கு, என்னைங்கிறதத் தாண்டி வேற எதுவும் வர்றதில்ல. கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்துக்கும் அதே, ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற பெந்தெகோஸ்தேக்கும் அதே. ஒண்ணு போதும், பந்தி நேரத்துல, டிரம்ஸ் இல்லாம.

கொயர் மட்டும் பாடுற ஆந்தம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, வருஷத்துக்கு நாலு வாட்டி போதும், டெனர் ரெண்டு பேர வச்சுக்கிட்டு ஆசைப்படக் கூடாது. ஹாண்டலோட அல்லேலூயா கோரஸ கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ்ல போடணும்னு வருஷா வருஷம் கேப்பாங்க. 1742 ஏப்ரல்ல டப்ளின்ல முதல்ல பாடின மெசையாவுல அது ரெண்டாம் பாகத்து முடிவுல வருது, பாடு, மரணம், உயிர்த்தெழுதல் எல்லாம் முடிஞ்சப்புறம். பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டுற அன்னைக்கு அது எதுக்கு? ஈஸ்டர் காலையில வைங்க, மூணு மணிக்கே எந்திரிச்சு வந்த தொண்டைக்குக் கொஞ்சம் கஷ்டந்தான், இருக்கட்டும்.

இந்த வாரம் திரித்துவ ஞாயிறு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணா இருக்கிற ஒரே கடவுளப் பாடுற நாள், எனக்கு வருஷத்துலயே பிடிச்ச லிஸ்ட். ஆரம்பப் பாட்டு "தூய தூய தூயா", வேற யோசனையே இல்ல. ரெஜினால்ட் ஹீபர் இந்த ஞாயித்துக்குன்னே எழுதினது, கல்கத்தா பிஷப்பா இருந்து 1826 ஏப்ரல்ல திருச்சியில இறந்து அங்க செயின்ட் ஜான்ஸ் கோயில்லயே அடக்கமானவர். அதே வருஷந்தான் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில கட்டின ஊசிக்கோபுரக் கோயிலும் திறந்தாங்க. நாம பாடுற மெட்ட ஜான் டைக்ஸ்ங்கிற இங்கிலீஷ்காரர் போட்டது 1861ல, ஹீபர் போய் 35 வருஷம் கழிச்சு, ஆக எழுதினவர் காதுக்கு இந்த ச ச க க ப ப எட்டவே இல்ல.

பிரசங்கத்துக்கு முன்னால "சத்தாய் நிஷ்களமாய்". எழுதினவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1827ல திருநெல்வேலிச் சீமையில வைணவக் குடும்பத்துல பிறந்து 1858ல ஞானஸ்நானம் எடுத்தவர். ரெண்டு பாட்டும் ஒரே திரித்துவத்தத்தான் பாடுது. ஹீபர் சிங்காசனத்துக்கு முன்னால கிரீடத்த எறக்கி வைக்கிற கூட்டத்தக் காட்டுவார். பிள்ளைவாள் சத்து, சித்து, ஆனந்தம்னு நம்ம வீட்டுச் சொல்லையே எடுத்துத் திரித்துவத்துக்கு வச்சிட்டு, அடுத்த மூச்சுல நாயடியேன் எப்படிக் கரையேறுவேன்னு கேட்டு, உன்ன விட்டா யார் துணைன்னு ஒவ்வொரு சரணத்தையும் அங்கயே கொண்டுவந்து நிறுத்துவார். முதல்ல நின்னுக்கிட்டு ஹீபர், அப்புறம் உக்காந்துக்கிட்டு பிள்ளைவாள், எனக்கு அந்த வரிசை மாறவே கூடாது.

லிஸ்ட ராத்திரி பத்தரைக்கு அனுப்பினேன், இந்த வாட்டி மெட்டுப் பேரோட. பதினொண்ணுக்கு பதில் வந்திருக்கு, "நல்லா இருக்கு தம்பி, சத்தாய்க்கு பதிலா வாலிபர் ஒரு கோரஸ் பாடலாமா?" நோட்டிஃபிகேஷன்ல படிச்சதோட சரி, இன்னும் தெறக்கல, நீல டிக் விழுந்தா பதில் சொல்லணும்.